இரண்டு பெயர் சொன்ன கம்பைலர்

போன மாதம் கொழும்பிலிருந்து செல்வி தொலைபேசியில் கூப்பிட்டார். நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது நிரல் எழுதுகிறவர். புதிதாக ஒரு கம்பைலர் வாங்கியிருக்கிறார்களாம். அது தன் பெயரோடு பழைய கம்பைலரின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறதாம். பழைய நிரல்களும் அதில் மறுப்பில்லாமல் ஓடவேண்டும் என்று அப்படிச் செய்து வைத்திருக்கிறார்களாம். நல்ல வசதிதானே என்று கேட்டார்.

"உங்கள் நிரல் எந்தப் பெயரை முதலில் கேட்கிறது?" என்றேன். பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். அவர் திரும்பக் கூப்பிடும் வரை நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்பதை எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். அதுதான் இது.

அறுபத்து நான்கில் குருவிட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். பாதி ரப்பர், பாதி தேயிலை. எனக்குக் கொடுத்த முதல் வேலை மழை அளப்பது. ஆபீஸ் முற்றத்தில் செம்புப் புனல் வைத்த மழைமானி ஒன்று நின்றது. காலை எட்டரைக்குப் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் போத்தலைத் தூக்கி, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து எழுதவேண்டும். பதினெட்டு வருஷம் அதைச் செய்தேன். அந்தப் பதினெட்டு வருஷத்தில் கல்யாணம், பிள்ளைகள், தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு மாறியது, துரைமார் மாறியது எல்லாம் நடந்தன. எட்டரை மணி மட்டும் மாறவில்லை.

மழையைப் பற்றி அங்கே ஆளுக்கொரு பேச்சு. நான் மழைப் புத்தகத்தின் ஓரத்தில் அவற்றையும் பென்சிலால் குறித்து வைப்பேன். பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, ஆட்கள் வரும்போது சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வேன். லேசான தூறலென்றால் "மானம் மூக்கு சிந்துது" என்பார்கள். நன்றாகப் பெய்து, தலையில் போர்த்திய கம்பளியிலிருந்து தண்ணீர் வடிந்தால் "கம்பளி அழுவுது". அதற்கும் மேலே போனால் "இன்னக்கி மல தண்ணி குடிக்கல, துப்புது". இந்தப் பேச்சுக்கும் குவளைக்கும் நல்ல பொருத்தம் இருக்கும். கம்பளி அழுத நாளில் நாற்பது மில்லிமீட்டருக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

எண்பதின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வந்தது. மலைச் சரிவுகளில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு மண்சரிவு வருமுன் சொல்லவேண்டும் என்று ஒரு திட்டம். கொழும்பில் ஒரு பெரிய இயந்திரம், எங்கள் ஆபீஸில் சோதனைக்கு ஒரு சின்ன இயந்திரம். இங்கிலீஸ் டைப் அடிக்கத் தெரிந்தவன், மழைப் புத்தகமும் என் கையில் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஒருவரும் சொல்லித்தரவில்லை. போட்டோகொப்பி எடுத்த ஒரு புத்தகமும் அகராதியும்தான். ஆறு மாதத்தில் நிரலை வாசிக்கவும் ஒரு வருஷத்தில் எழுதவும் வந்தது. தோட்டத்து ஆட்கள் அந்த இயந்திரத்துக்குப் "பொட்டி" என்று பெயர் வைத்தார்கள்.

திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நடராசா சேர். யாழ்ப்பாணத்து மனிதர், பொறியியலாளர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்குவார். குரலை உயர்த்தவே மாட்டார். நான் எழுதியதைக் கடதாசியில் அடித்துக் கொடுத்தால், பென்சிலின் மழுங்கிய பக்கத்தை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, "இது ஏன்?" என்பார். "தெரியாது சேர்" என்றால் சந்தோசமாகச் சொல்லித்தருவார். "அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்" என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்.

கணக்கு அவருடையது. இன்றைய மழையைப் பத்தால் பெருக்கு, நேற்றையதை ஒன்பதால், முந்தாநாளையதை எட்டால். இப்படிப் பத்து நாள் போய், எல்லாவற்றையும் கூட்டு. மில்லிமீட்டரைப் பத்துக் கூறாக்கி, அந்தக் கூறுகளில் எழுதவேண்டும். கூட்டுத்தொகை இருபத்தையாயிரத்தைத் தாண்டினால் "போ". தாண்டாவிட்டால் "பயமில்லை". தாளில் அந்த ஒற்றைச் சொல் மட்டும் இங்கிலீஸில் விழும். தொகையை அச்சடிக்கவேண்டாம், அடித்தால் துரைமார் பேரம் பேசுவார்கள் என்று சேர் சொல்லிவிட்டார்.

இனி அந்தப் பெயர் விஷயம். நாம் எழுதுவதை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலர். நம் நிரலில் ஒரு வரியைக்கூட வாசிக்குமுன் அது சில பெயர்களைத் தானாகவே அறிவித்து வைத்துக்கொள்ளும். நான் இன்னார், இன்ன இயந்திரத்தில் இருக்கிறேன் என்று. நாம் அந்தப் பெயர்களை எங்கேயும் எழுதுவதில்லை. #ifdef என்று தொடங்கும் வரியில் "இந்தப் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் மறு வழி.

எங்களுக்கு அது தேவைப்பட்டது. கொழும்பு இயந்திரத்தில் ஒரு சாதாரண எண்ணுக்குக் கோடிக்கணக்கில் இடம் உண்டு. எங்கள் சின்ன இயந்திரத்தில் அது முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் மைல் மீட்டர் பூச்சியத்துக்கு வருவதுபோல்கூட வராது. மைனஸில் அடி ஆழத்துக்குப் போய்விடும். அதனால் இங்கே "நீள எண்" என்று தனியாகச் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும். "பெரிய இயந்திரத்துக்கு எழுதினதிலை கை வையாதேயும், அது ஓடுது" என்றார் சேர். ஆகவே நான் மேலே நாலு வரி சேர்த்தேன். பெரிய இயந்திரத்தின் பெயர் இருக்கிறதா? இருந்தால் சாதாரண எண். இல்லாவிட்டால் நீள எண். ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது.

அந்த வருஷத்தில் ஒருமுறை தாளில் "போ" விழுந்தது. பணிய லயம் என்று சொல்லும் கீழ் லயத்தில் பதினாறு குடும்பம். அதன் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக மண் மேடு. எல்லோரையும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினோம். மூன்று நாள் மண் ஒரு கூடைகூட விழவில்லை. மேலிடத்தில் துரைக்கு ஏச்சு விழுந்தது. எனக்கோ பெரட்டில் தினமும் கேலி. ராமாயி என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண். வாய் சும்மா இருக்காது, லயமே அவள் பேச்சைக் கேட்கும். "கிளாக்கரய்யா, இன்னக்கி வெயில் அடிக்குதே, ஒங்க பொட்டிகிட்ட கேட்டுக்கிட்டுத் துணி காயப் போடவா?" என்பாள். துரை சிங்கள மனிதர், நல்லவர்தான். இனித் தாள் இல்லாமல் ஒரு ஆளையும் அசைக்கமாட்டேன் என்று சிங்களத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் ஈரத்தில் எதுவும் பூத்துவிடும். பிளாப்பி டிஸ்குகளை வைக்கும் அலுமாரிக்குள் ஒரு பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருந்தோம். அப்படியும் எண்பத்திரண்டு சித்திரையில் கம்பைலர் டிஸ்கில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. புதிது கேட்டு எழுதினோம். வந்தது புதுப் பதிப்பு. நிரலை அதில் போட்டு மறுபடி கட்டினேன். ஒரு பிழையும் காட்டவில்லை. பழைய மழைத் தாள்கள் சிலதைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். பழைய விடையே வந்தது. சரியாக ஓடுகிறது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன்.

ஆனி மாதம். ஆறு நாள் பொட்டுத் தூறல் இல்லை. பிறகு பிடித்துக்கொண்டது. முதல் நாள் அறுபது மில்லிமீட்டர், அடுத்த நாள் தொண்ணூறு, அடுத்த நாள் நூற்றுப்பத்து. மூன்று நாளும் தாளில் "பயமில்லை". நாலாம் நாள் காலையில் நான் மழைமானிக்குப் போனபோது போத்தல் வழிந்து வெளி டப்பாவிலும் தண்ணீர் நின்றது. குவளையில் ஊற்ற ஊற்றத் தீரவில்லை. எத்தனை குவளை என்பது தவறிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கல்லை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். நூற்றறுபது. பெரட்டுக்கு வந்தவர்கள் கம்பளிக்குள் குறுகி நின்றார்கள். அன்றைக்கு மழையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பென்சிலுக்கு வேலையில்லை. எனக்குப் பயம் தொடங்கியது அங்கேதான்.

எண்ணைத் தட்டி ஓட்டினேன். பயமில்லை.

மறுபடி ஓட்டினேன். பயமில்லை.

துரையின் ஆள் வந்து தாளை வாங்கிப் போய்விட்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், உட்கார முடியவில்லை. நேற்றைவிட இன்று மழை கூட. நேற்றைய மழை எங்கும் போய்விடவும் இல்லை. அப்படியானால் இன்று தொகை ஏறித்தானே இருக்கவேண்டும்? மழைப் புத்தகத்தின் ஓரத்திலேயே கையால் போட்டேன். ஆயிரத்து அறுநூறைப் பத்தால், ஆயிரத்து நூறை ஒன்பதால், தொள்ளாயிரத்தை எட்டால், அறுநூறை ஏழால். முப்பத்தேழாயிரத்து முந்நூறு. இன்னொரு முறை போட்டேன். அதே முப்பத்தேழாயிரத்து முந்நூறு. நேற்றையதையும் போட்டுப் பார்த்தேன். இருபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம். நேற்றுச் சொன்னது சரி. ஒரே நாளில் வரம்பையும் தாண்டி, சின்ன இயந்திரம் எண்ணக்கூடிய கடைசி எண்ணையும் தாண்டியிருக்கிறது. ஆனால் அதில் இயந்திரம் ஏன் தவறவேண்டும்? நீள எண் கேட்டு வாங்கியிருந்தேனே?

யோசிக்க நேரமில்லை. கொழும்புக்கு டிரங் கோல் போட்டேன். அரை மணி நேரம் கழித்து நடராசா சேரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"கையாலை எத்தினை வந்தது?"

"முப்பத்தேழாயிரத்து முந்நூறு, சேர்."

"திரும்பப் போட்டுப் பாத்தீரோ?"

"ரெண்டு தரம் பாத்துட்டேன்."

"அப்ப அதை ஒரு தாளிலை எழுதி, உம்மடை கையெழுத்தைப் போட்டு துரையட்டைக் குடும். மிசின் ஏன் பிழைச்சதெண்டு பிறகு பாப்பம்."

லைன் அறுந்துவிட்டது. என்னுடைய கையெழுத்து. மேடு அசையாமல் நின்றால் திட்டமும் போகும், நானும் போவேன். எனக்கு நாலு பிள்ளைகள். பேனாவைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

துரை இரண்டு தாளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று அச்சு, ஒன்று கையெழுத்து. எதை நம்புவது என்று கேட்டார். அச்சடித்ததும் நான் எழுதின நிரல்தான், அது இன்று பிழை, ஏன் பிழை என்று இன்னும் தெரியவில்லை என்றேன். தெரியாது என்று நான் சொன்னதுதான் அவரை அசைத்தது என்று பிற்காலத்தில் சொன்னார். இரண்டு தாளையும் ஒரே ஊசியில் குத்தி வைத்துவிட்டு, "ஹரி, போ" என்றார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி. பள்ளிக்கூடத்துச் சாவி வாங்க ஆள் ஓடியது.

பணிய லயத்துக்கு நானே இறங்கினேன். படிக்கட்டில் தண்ணீர் முழங்கால் வரை வந்துகொண்டிருந்தது. மண் கலந்த தண்ணீர். பதினைந்து குடும்பம் முணுமுணுத்துக்கொண்டு மூட்டை கட்டியது. ராமாயி மட்டும் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். முப்பது கழியாமல் பச்சை உடம்புக்காரியை வெளியே இறக்குவதில்லை. அதுவும் இந்த மழையில்.

"போன தடவ மூணு நாளு பள்ளிக்கூடத்துச் செமந்துத் தரையில படுத்தோம். இப்ப பொட்டி என்னா சொல்லுது?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. "பயமில்லன்னு சொல்லுது" என்றேன்.

"அப்பறம் எதுக்குங்க மூச்சு வாங்க ஓடியாந்தீங்க?"

"கையால போட்டுப் பாத்தேன். வேற மாதிரி வருது."

"ஒங்க பொட்டிய நீங்களே நம்பலியா?"

"இன்னக்கி நம்பல, ராமாயி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி அடுப்புக்குப் பின்னால் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுத்து, விரல்களில் ஒட்டிய ஈர மண்ணைத் தேய்த்தாள். "புள்ளய எடுடி" என்றாள் உள்ளே பார்த்து. மகளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மேலே ரப்பர் சீட்டைப் போர்த்தி, நாலு பேர் தூக்கினார்கள். குழந்தை ராமாயியின் கம்பளிக்குள்ளே இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஏறும் வழி முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. மேடு விழாமல் நின்று, இந்தக் குளிரில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

மத்தியானம் சாப்பாடு நேரம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. சிலர் என் பக்கம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் மாட்டுக்குப் புல் போடப் போகிறேன் என்று எழுந்தார். வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன். அவர் என்னை ஏசினார், நானும் ஏசினேன். அப்போதுதான் கேட்டது. இடி என்று நினைத்தோம். இடியென்றால் நின்றிருக்கும். இது நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது. மேடு இறங்கி லயத்தின் கடைசி ஆறு காம்பராக்களை, அதாவது ஆறு குடும்பத்தின் அறைகளை, மூடிவிட்டது. ராமாயியுடையது கடைசியிலிருந்து இரண்டாவது.

மழை விட்டதும் நான் ஆபீஸுக்குப் போய் இரண்டு கேள்வி மட்டும் கேட்கும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். சின்னக் கம்பைலரின் பெயர் இருக்கிறதா? இருந்தால் அச்சடி. பெரிய இயந்திரத்தின் பெயர் இருக்கிறதா? இருந்தால் அச்சடி. இரண்டு பெயரும் தாளில் விழுந்தன. பெரிய இயந்திரத்துக்கு எழுதிய நிரல்களும் தன்னிடம் ஓடட்டும் என்று புதுப் பதிப்பு அந்தப் பெயரையும் சூடிக்கொண்டிருந்தது. என் நிரல் அந்தப் பெயரைத்தான் முதலில் கேட்டது. ஆம் என்றதும் சாதாரண எண்ணை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மழை கொஞ்சமாகப் பெய்த நாட்களிலெல்லாம் சரியாகச் சொல்லி, மலை விழும் அளவுக்குப் பெய்த நாளில் மட்டும் பிழையாகச் சொல்லும் நிரலாக அது இரண்டு மாதம் என் மேசையில் இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள், பாதை அடைபட்டிருந்ததால் பாதித் தூரம் நடந்தே நடராசா சேர் வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நிரலைக் கேட்டு வாங்கி, பென்சிலை வரிக்குக் கீழே வைத்தார்.

"புது டிஸ்கை எந்த மாசத்துத் தாளிலை சோதிச்சனீர்?"

"ஜனவரித் தாள் சேர்."

"ஏன் ஜனவரி?"

"மழை மாசத்துத் தாளெல்லாம் நனைஞ்சு மை கரைஞ்சிருந்திச்சு. ஜனவரித் தாள்தான் சுத்தமா, வாசிக்க லேசா இருந்திச்சு."

பென்சிலைக் கீழே வைத்தார். மழையைப் பிடிக்க எழுதின நிரலை வெயில் காலத்துத் தாளைக் கொடுத்துச் சோதித்திருந்தேன், அது காய்ந்திருந்தது என்பதற்காக.

அறிக்கையில், கம்பைலர் பிழையான பெயரைச் சொன்னதால் தவறு நேர்ந்தது என்று எழுதியிருந்தேன். அதை வெட்டினார். "அது பொய் சொல்லேல்லை. தன்ரை பேரையும் சொன்னதுதானே. நீர் முதல் பேரோடை கேக்கிறதை விட்டிட்டீர்." பிறகு, பெரிய இயந்திரத்தின் வரிகளில் கை வைக்கவேண்டாம் என்று சொன்னது தான் என்றும், தொகையை அச்சடிக்கவேண்டாம் என்றதும் தான் என்றும் தன் கையாலேயே கீழே எழுதி, என் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினார். அன்றே சின்னக் கம்பைலரின் பெயரை முதலில் கேட்கும்படி வரிகளை மாற்றினோம். தொகையும் தாளில் விழும்படி செய்தோம். மை கரைந்த தாள்களை மனைவியும் நானும் தெளிவாக மறுபடி எழுதினோம்.

அதெல்லாம் முடிந்து ஒரு நாள் ராமாயி ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். குழந்தைக்குச் சளி பிடித்துப் பிறகு சுகமாகியிருந்தது. புதுக் காம்பரா மேல் லயத்தில் கிடைத்திருந்தது. ஆனால் அந்த லயத்துக்குப் பின்னாலும் ஒரு மேடுதான். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"மொதத் தடவ காயிதம் போகச் சொல்லிச்சு, ஒண்ணும் நடக்கல. ரெண்டாந்தடவ இருக்கச் சொல்லிச்சு, மல விழுந்திருச்சு. மூணாந்தடவ வந்தா நான் அதுல எதப் பாக்கட்டுங்க?"

பிழையைத் திருத்திவிட்டோம், இனி வராது என்று சொல்ல வாயெடுத்தேன். சித்திரையிலும் இதே நினைப்போடுதானே கையெழுத்துப் போட்டேன் என்று ஞாபகம் வந்தது.

"காயிதத்தோட நானும் வர்றேன்" என்றேன்.

"காயிதம் இல்லாட்டியும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் பால் வெட்டப் போய்விட்டாள்.

எண்பத்து மூன்றில் தோட்டத்தை விட்டு வெளியேறும் வரை, கம்பளி அழுத ஒவ்வொரு காலையிலும் எட்டரைக்கு மழையை அளந்துவிட்டு, தாளில் என்ன விழுந்தாலும், மேல் லயம் வரை ஏறிப் போய், ராமாயியின் அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.